சளி எங்களுடையது, சாவி யாரிடம்?

‘மனித குலத்தின் நன்மைக்காக’ என்று அந்தப் படிவத்தில் போட்டிருக்கிறது. பதினோரு பக்கப் படிவம். நான்காவது பக்கத்தில் இந்த வரி. கோயிலுக்குள் போகும்போதும், குளத்தில் இறங்கும்போதும், டீக்கடையில் டம்ளர் எடுக்கும்போதும் நாம் இந்த மனித குலத்தில் சேர்த்தி இல்லை. ரத்தம் எடுக்க வரும்போது மட்டும் எப்படியோ சேர்ந்துவிடுகிறோம். தொட்டால் தீட்டு என்று நம் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவன், நம் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சளியை மட்டும் குப்பியில் பிடித்து, எண் ஒட்டி, பத்து வருசம் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இதைப் படித்ததும் ‘இவன் அறிவியலுக்கு எதிரி’ என்று எந்தத் தோழரும் முடிவு கட்ட வேண்டாம். அதேபோல, மாணவர் கூட்டமொன்றில் எழுந்து “இனிமே சேரியிலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் போவக்கூடாது” என்று கைதட்டல் வாங்கினாரே ஒரு தோழர், அவரும் என்னைத் தன் பக்கம் எழுதிக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

விஷயம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டி.பி. வந்த ஒருவரிடம் சளியும் ரத்தமும் மூத்திரமும் எடுக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுகிற பெண்டாட்டி, பிள்ளை, அம்மா என்று நோயே இல்லாதவர்களிடமும் எடுக்கிறார்கள். ஏன்? கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேருக்குப் போனால் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றைக்காவது வரும். அந்தப் பத்துப் பேர் யார் என்று முன்னாலேயே சொல்கிற ரத்தப் பரிசோதனை ஒன்றைத் தேடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நோய் வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் கையில் இருக்க வேண்டும். வந்த பிறகு காலத்தில் பின்னோக்கிப் போய் எடுத்துவர முடியாது அல்லவா? அதனால் எல்லோரிடமும் எடுத்து, பிளாஸ்மாவை மைனஸ் 80 டிகிரியிலும் உயிருள்ள செல்களைத் திரவ நைட்ரஜனிலும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வந்து எடை பார்க்கிறார்கள், இருமல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். யாருக்காவது நோய் வந்துவிட்டால், அவருடைய பழைய குப்பியையும் வராதவருடைய குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து பணம் போட்டு 2013இல் தொடங்கிய ‘ரிப்போர்ட் இந்தியா’ இப்படிப்பட்ட கூட்டுத் திட்டம்தான். அதன் மாதிரி வங்கி சென்னையில், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது.

இந்தத் தர்க்கத்தில் எனக்குத் தகராறு இல்லை. சரியான தர்க்கம். ஆனால் ‘வங்கி’ என்கிறார்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். மாட்டு லோனுக்கு நம்மை எத்தனை தடவை நடக்கவிட்ட வங்கி! இது வேறு வங்கி. இதில் டெபாசிட் மட்டும்தான் நம்முடையது. பாஸ்புக் கிடையாது, கணக்கு எண் நமக்குச் சொல்லப்படாது, வட்டி யாருக்குப் போகிறதென்று கேட்டால் ‘எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கு’ என்று பதில் வரும்.

அந்தக் குப்பிக்கு மதிப்பு எதனால் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ரத்தம் எல்லோருக்கும் ஓடுகிறது. ரத்தத்துக்காக மட்டுமென்றால் போட் கிளப் சாலையில் போய் எடுத்துக்கொள்ளலாமே? ஏன் சேரிக்கும் கல்குவாரிக்கும் தோல் ஷாப்புக்கும் வருகிறார்கள்? ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறோம், அரை வயிற்றோடு வேலைக்குப் போகிறோம், தூசியைச் சுவாசிக்கிறோம். அதனால் நமக்குத்தான் நோய் வருகிறது, நம்மிடையேதான் திரும்பவும் வருகிறது, நாம்தான் சாகிறோம். குப்பியோடு ஒட்டியிருக்கிற இந்தக் கதைதான், யார் பிழைத்தான் யார் செத்தான் என்ற இந்தக் குறிப்புதான், அதற்கு விலையைக் கொடுக்கிறது. சாதி நம் உடம்பில் போட்டுவைத்த வறுமையை ஆராய்ச்சி தன் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்த படிவத்தில் பீடி குடிப்பாயா, சாராயம் குடிப்பாயா, வீட்டில் எத்தனை ஜன்னல் என்றெல்லாம் கேள்வி இருந்தது. எந்தத் தெரு என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்ற பயமோ என்னவோ.

இது நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்தியது. நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கல் மாதிரிப் பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறுபாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டில் பழைய கஞ்சி, அதே நெரிசல், அதே ஓட்டம். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாக ஒட்டவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க டி.பி. சிகிச்சையைத் தலைகீழாகத் திருப்பியது. பணக்கார நாடுகளில் சானடோரியங்களை மூடினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் மருத்துவப் புத்தகங்களில் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான், நல்ல வேலை செய்தவர். அந்த 193 பேர்? சென்னையின் ஏதோ ஒரு சந்தில் இருமிக்கொண்டே உலகத்துக்குப் பாடம் நடத்தியவர்கள். ஒரு கல்லில்கூட அவர்கள் இல்லை.

அதிலிருந்து அரசாங்கங்கள் வேறொரு பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டன. மருந்து இருந்தால் போதும், சோறு முக்கியமில்லை! ஆராய்ச்சி சொன்னது மருந்தைப் பற்றி. இவர்கள் கேட்டுக்கொண்டது சோற்றுச் செலவு மிச்சம் என்பதை. டி.பி. நோயாளிக்குச் சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுக்க மத்திய அரசுக்கு 2018 ஆகிவிட்டது. அதை ஆயிரமாக்க 2024 நவம்பர். நடுவில் 2019 தொடங்கி 2022 வரை ஜார்கண்டில் ஒரு ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள் 10,345 பேர். நோயாளிக்கு எல்லா வீட்டிலும் உணவு மூட்டை. ஆனால் பாதி வீடுகளில்தான் மற்ற ஆட்களுக்கும் உணவு. 2023இல் முடிவு வந்தது. வீட்டார் சாப்பிட்ட வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. பசித்தவனுக்குச் சோறு போட்டால் காசநோய் குறையும்! இதை நம்ம கெழவிங்க எந்தக் காலத்திலிருந்து சொல்லிக்கிட்டு இருக்காங்க? அந்த ஆய்வைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. சோற்றுக்காக வாதாடியவர்கள் அவர்கள். நிரூபணம் கேட்டவன் யார் என்பதுதான் என் கேள்வி. பாதி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறில்லாமல் வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று உட்கார்ந்திருந்தவன் யார்?

செங்கல்பட்டையும் சொல்லாமல் விட முடியாது. 1968இலிருந்து 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களில் 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்கு பி.சி.ஜி. ஊசியோ வெறும் மருந்தோ போட்டார்கள். பதினைந்து வருசம் இரண்டரை வருசத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்காது என்று தெரிந்தது. உலகம் முழுக்கத் தடுப்பூசிக்காரர்களை உலுக்கிய முடிவு. அந்தக் கிராமங்களில் இன்றைக்குப் போய், “உங்க தாத்தா பாட்டி உடம்பிலேர்ந்து உலகம் இதைத் தெரிஞ்சிக்கிச்சி” என்று சொல்லிப் பாருங்கள். யாருக்காவது தெரியுமா? முடிவு ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. திருவள்ளூர்ப் பக்கத்துச் சேரிக்கு வந்து சேரவில்லை.

இனி ஒப்புதலுக்கு வருவோம். ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் அத்தை மகன் கல்குவாரியில் வேலை பார்த்தவன். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். சளி டெஸ்டில் ‘பாசிட்டிவ்’ என்று சொன்ன அன்றைக்கே, அரை மணி நேரத்துக்குள், இன்னொரு அறைக்குக் கூப்பிட்டுப் போனார்கள். அவன் தலைக்குள் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: செத்துப்போவேனா? ஒரு பெண் படிவத்தை வாசித்தாள். பதினோரு பக்கத்தையும் வாசித்தாள், அதில் குறை இல்லை. “இன்னா மச்சான் வெளங்குச்சி?” என்று பிறகு கேட்டேன். “இதுல சேந்தா நல்லா பாப்பாங்களாம், போக்குவரத்துக்குக் காசு குடுப்பாங்களாம்” என்றான். ‘எதிர்கால ஆய்வுகளுக்கு என் மாதிரிகளைப் பயன்படுத்தலாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஆம்’ கட்டத்தில் டிக் இருந்தது. அவன் போட்டதில்லை. அவன் போட்டது கைநாட்டு மட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் வேண்டும் என்று விதி. சாட்சி வரிசையில் அடுத்து நின்றிருந்த இன்னொரு நோயாளி. எவ்வளவு பாரபட்சமற்றவர் பாருங்கள்! மாத்திரைக்காக அதே கதவின் முன்னால் நிற்கிறவர்.

மாத்திரை தருகிற கையும் ரத்தம் கேட்கிற கையும் ஒன்றாக இருக்கும்போது ‘முடியாது’ என்று எவன் சொல்வான்? ஊர்த் தெருவில் துண்டை இடுப்பில் கட்டி நின்றே பழகிய உடம்பு அது. படித்தவன், நாற்காலியில் இருக்கிறவன் கேட்டால் தலையாட்டப் பழக்கியிருக்கிறார்கள் நம்மை. அந்தத் தலையாட்டலுக்குத்தான் ஒப்புதல் என்று பேர் வைத்துக் கோப்பில் போடுகிறார்கள். சாதி அதிகாரம் இருக்கிற இடத்தில் கையெழுத்து என்பது கையெழுத்தே இல்லை என்பதை இந்தப் படிவம் எழுதியவர்கள் எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஜீப் வந்தது. பெயர் எழுதின ஜீப். சேரி முனையில் நிறுத்திவிட்டு, முகக்கவசத்தோடு நான்கு பேர் இறங்கி நேராக அவன் வீட்டுக்கு நடந்தால் அப்புறம் ரகசியம் எங்கே? அவன் தங்கச்சிக்குப் பேசிவைத்த சம்பந்தம் அந்த மாதமே கலைந்தது. படிவத்தின் ‘ஆபத்துகள்’ பகுதியில் ஊசி குத்தின இடத்தில் லேசான வலி, வீக்கம் என்று இருந்தது. கல்யாணம் நிற்கும் என்று இல்லை. இரண்டு வருசம் கழித்து நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், “அவன் ரத்தம் இப்ப எங்க இருக்குது?” என்று கேட்டேன். “ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு சார்” என்றார்கள். ப்ராஜெக்ட் முடிந்தது. ரத்தம்?

இது ஒரு ஆஸ்பத்திரியின் கோளாறு என்று ஒதுக்க முடியாது. 2009இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தது. கம்மத்தில் பெரும்பாலும் விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசி, தலித் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்த பிறகு 2010இல் நிறுத்தினார்கள். சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அதை நான் இங்கே வாதாடவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையின் கணக்கைப் பாருங்கள்: ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு, 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள். பெற்றவளுக்குத் தெரியாது, வார்டன் கையெழுத்துப் போட்டாயிற்று. நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற அரசு விடுதி, அவர்கள் உடம்புக்கும் பட்டா வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

‘சட்டம் இல்லையா, விதி இல்லையா’ என்று கேட்கிற தோழர்களுக்கு: இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட நெறிமுறையில் மாதிரி வங்கிகளுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. மாதிரிக்கும் தகவலுக்கும் உரிமையாளர் அதைக் கொடுத்தவர்தான், வங்கி வெறும் காப்பாளர் என்று அதில் எழுதியிருக்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்றும், வியாபார லாபம் வந்தால் கொடுத்தவர்களுக்குப் பலன் போகவேண்டும் என்றும் இருக்கிறது. படித்தபோது எனக்கே ஆச்சரியம். தோழர்களே, காகிதத்தில் நமக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது தெரியுமா? பஞ்சமி நிலம் மாதிரிதான் இதுவும். பத்திரம் நம் பெயரில், அனுபவம் அவன் கையில்.

எத்திக்ஸ் கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி குறைந்தது ஏழு பேர், அதில் ஒருவர் ‘சாதாரண மனிதர்’, ஒரு பெண், ஒரு வழக்கறிஞர், பாதிப் பேர் வெளியாட்கள். நான் பார்த்த ஒரு பட்டியலில் அந்தச் சாதாரண மனிதர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். எந்த ஊரில் பேங்க் மேனேஜர் சாதாரண மனிதர்? டி.பி. வந்து பிழைத்த ஒரு துப்புரவுத் தொழிலாளி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தகுதி போய்விடுமா?

மாதிரி கைமாறினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் வெளிநாட்டுக் கதைகளைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனநோயையும் நெருங்கிய உறவுக்குள் மணமுடிப்பதையும் அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். வழக்குப் போட்டு, 2010இல் ஏழு லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்தமும் திரும்ப வாங்கினார்கள். பாப்புவா நியூகினியின் ஹகஹாய் மக்களில் ஒருவரின் ரத்தத்திலிருந்து வளர்த்த, எச்.டி.எல்.வி. என்ற வைரஸ் தொற்றிய செல்வரிசைக்கு 1995இல் அமெரிக்க அரசு நிறுவனமே காப்புரிமை வாங்கியது. உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பியதும் 1996இல் கைவிட்டது. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தியது. ‘எங்கள் ஆட்கள் செத்த கிருமியில் நீங்கள் தடுப்பூசி செய்து, எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்பீர்களா’ என்பதுதான் அதன் வழக்கு. 2011இல் மருந்துக் கம்பெனிகள் பணமும் தடுப்பூசியில் ஒரு பங்கும் தரவேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது அதற்குப் பிறகுதான். நிறுத்தியதால்தான் பேச உட்கார்ந்தார்கள்.

ஆனால் கவனியுங்கள். அங்கே பேசியது ஒரு நாட்டின் அமைச்சர். இந்தியாவுக்காக யார் பேசுவார்? டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவன் ‘இந்திய மாதிரிகள்’ என்று பேரம் பேசுவான். சேரியின் சளி தேசத்தின் சொத்தாகிவிடும். சேரி மட்டும் சேரியாகவே இருக்கும். தேசியவாதிகளின் இந்த ‘நமது மாதிரி வெளிநாட்டுக்குப் போகக்கூடாது’ என்ற கூச்சல் எனக்கு அலுத்துவிட்டது. பாஸ்டனில் இருந்தால் திருட்டு, சென்னையில் இருந்தால் சேவையா? சாவி நம்மிடம் இல்லாதவரை இரண்டு பூட்டும் ஒன்றுதான்.

அந்தக் கூட்டத்துத் தோழருக்கு இப்போது பதில். ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்கிறீர்கள். சரி, கொடுக்கவில்லை. டி.பி. ஓடிவிடுமா? 1956இல் அந்த 193 பேர் மறுத்திருந்தால், சானடோரியத்தில் இடம் கிடைக்கிற பணக்காரன் மட்டும் பிழைத்திருப்பான். நம் ஆட்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் அத்தனை படுக்கை இருந்தது? நம் பசித்த உடம்பில் ஒரு மாத்திரை எப்படி வேலை செய்யும் என்பது நம் உடம்பில் பார்க்காமல் தெரியாது. வெள்ளைக்காரன் எடைக்குக் கணக்குப் போட்ட அளவை நம் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவான். ஆராய்ச்சியிலிருந்து வெளியேறுவது என்றால் மருந்திலிருந்து வெளியேறுவது. நம்மை ஏற்கெனவே எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றித்தான் வைத்திருக்கிறார்கள், நாமே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

ஆராய்ச்சியில் இருந்துவிட்டால் மருந்து தானாக வந்துவிடும் என்றும் இல்லை. பெடாகுவிலின் என்ற புதிய டி.பி. மருந்துக்கு அமெரிக்கா 2012 கடைசியில் அனுமதி கொடுத்தது. 2017இல் மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோடு போராடிய பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, டெல்லிக்காரி இல்லை என்று அந்த மருந்தை மறுத்தார்கள். அப்பா உயர்நீதிமன்றம் போய்த்தான் வாங்கவேண்டியிருந்தது. அதே மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கம்பெனி போட்ட மனுவை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் தள்ளுபடி செய்தது. எதிர்த்து மனுப் போட்டவர்கள் டி.பி. வந்து பிழைத்த இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. சிகிச்சையின் பக்கவிளைவில் இருவருக்குமே காது போயிருந்தது. டாக்டர்கள் இல்லை, அமைச்சர்கள் இல்லை, நோயாளிகள். இந்த வழியைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. வீடு வீடாகப் போய்ச் சளிக் குப்பி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் பிடித்து லேபுக்குக் கொண்டுபோகிற பெண்கள் யார்? பாதிப் பேர் நம்ம பொண்ணுங்க. எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு காண்ட்ராக்டில் இருக்கிறவர்கள். கிருமியின் முன்னால் முதலில் நிற்பது அவர்கள் மூச்சு. ஆராய்ச்சிக் கட்டுரையில் இருபது பெயர் இருக்கும், இவர்கள் பெயர் இருக்காது. ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. பழைய பறைச்சேரி வேலைப் பிரிவினைதான், வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறது. அவர்களை எதிரியாக நினைத்துத் தெருமுனையில் மறிக்கிற வேலை வேண்டாம். அவர்களிடமிருந்துதான் நாம் உள் விஷயம் தெரிந்துகொள்ள முடியும்.

மாணவர்களே, உங்கள் ஊருக்கு அடுத்த தடவை ஜீப் வரும்போது வீட்டில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். நோய் சொன்ன அன்றைக்கே ஒப்புதல் கேட்டால் ஒரு வாரம் தவணை கேளுங்கள். மாத்திரை அதற்காக நிற்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். எதிர்கால ஆய்வு என்ற கட்டத்தில் யார் டிக் போடுவது என்று பாருங்கள். குப்பி எங்கே போகிறது, எத்தனை வருசம் இருக்கும், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், திரும்பக் கேட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று கேளுங்கள். சாட்சிக்கு நம் ஆள் நிற்கட்டும். ஜீப் சேரி முனையில் நிற்கக்கூடாது, பெயர்ப் பலகை வேண்டாம். முடிவு வந்ததும் ஊர்க் கூட்டத்தில் தமிழில் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வீட்டுக்குள் விடுவது.

அத்தை மகனிடம் இதையெல்லாம் சொல்லி, 2017 நெறிமுறையைக் காட்டி, மாதிரியைத் திரும்பக் கேட்டு மனு எழுதலாமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “திருப்பி வாங்கி இன்னா பண்றது? வெச்சிக்கட்டும். எம்புள்ளைக்கி வருமா வராதான்னு மட்டும் அத வெச்சிப் பாத்துச் சொல்லச் சொல்லு” என்றான். அதையே மனுவாக எழுதி, அவன் கைநாட்டோடு அந்த ஆஸ்பத்திரியின் எத்திக்ஸ் கமிட்டிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.